பூட்டிய போனில் உயிர்காக்கும் விவரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்மார்ட்போனில் அவசரத் தொடர்பு எண்களையும் மருத்துவ விவரங்களையும் எங்கே பதிவது என்று பலரும் கேட்கிறார்கள். அங்கே என்ன எழுதுவது என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் யோசிக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான். அதைப் படிக்கப்போகிறவர் உங்களை முன்பின் அறியாதவர். அவருக்கு நேரமும் இருக்காது. அவரை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

போன் பூட்டியிருக்கும்போது மற்றவர்கள் இந்த விவரங்களை எப்படிப் பார்ப்பார்கள்?

கடவுச்சொல் கேட்கும் திரையின் அடிப்பகுதியில் 'எமர்ஜென்சி' என்றோ 'எமர்ஜென்சி கால்' என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் எண்களை அழுத்தும் பலகை வரும். அங்கேதான் மருத்துவ விவரங்களுக்கான வழியும் இருக்கிறது. ஐபோனில் 'மெடிக்கல் ஐடி' என்றிருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலவற்றில் இருமுறை தொட வேண்டியிருக்கும். நீங்கள் எழுதி வைத்ததும், நீங்கள் குறித்த ஓரிரு தொடர்பு எண்களும் மட்டுமே அங்கே தெரியும். உங்கள் படங்கள், செய்திகள், வங்கிச் செயலிகள் எதுவும் திறக்காது.

ஒருவரது பெயருக்கு முன்னால் 'ஐஸ்' என்று போட்டு எண்ணைச் சேமித்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. அந்த யோசனையை 2005இல் முன்வைத்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆம்புலன்ஸ் பணியாளர் பாப் பிராட்சி. 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் முதலெழுத்துகளே அந்தப் பெயர். அதே ஆண்டு ஜூலையில் நடந்த லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது. பெரும்பாலான போன்களுக்குப் பூட்டே இல்லாத காலத்தில் மிக நல்ல யோசனை அது. இன்று உங்கள் கைரேகையோ முகமோ இல்லாமல் தொடர்புப் பட்டியல் திறக்காது. பட்டியலில் 'ஐஸ்' இருப்பதில் தீங்கொன்றுமில்லை, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஐபோனில் எப்படிப் பதிவது?

2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது. 'ஹெல்த்' செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'மெடிக்கல் ஐடி'க்குள் சென்று 'எடிட்' செய்யுங்கள். பிறந்த தேதி, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகள், ரத்த வகை, எடை, பேசும் மொழி, அவசரத் தொடர்புகள் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தொடர்பு எண்களை அங்கே நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியாது. தொடர்புப் பட்டியலில் முன்பே சேமித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'ஷோ வென் லாக்ட்' என்ற விசை. இது அணைந்திருந்தால் நீங்கள் எழுதிய அனைத்தும் உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஆபத்து நேரத்தில் ஒருவருக்கும் பயன்படாது. 'ஷேர் டியூரிங் எமர்ஜென்சி கால்' என்ற இன்னொரு விசை, அவசர எண்ணை அழைக்கும்போது விவரங்களைத் தானாகவே அனுப்புவது. சில நாடுகளில் மட்டுமே அது வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டில்?

புதிய போன்கள் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்ற பகுதி இருக்கும். கூகுள் பிக்சல், சாம்சங் இரண்டிலும் இதே பெயர்தான். மருத்துவ விவரங்கள், அவசரத் தொடர்புகள் இரண்டையும் அங்கே தனித்தனியாக நிரப்ப வேண்டும். மற்ற நிறுவனங்களின் போன்களில் மெனுவைத் துழாவிக்கொண்டிருப்பதைவிட, செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று தட்டுவதே சுலபம்.

பூட்டிய திரையில் காட்ட அனுமதிக்கும் விசை இங்கேயும் உண்டு. சாம்சங்கில் மருத்துவ விவரங்களுக்கு ஒன்று, தொடர்புகளுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எளிது.

என் போனில் அப்படி ஒரு பகுதியே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டிய திரையில் ஒரு வரி எழுத இடம் இருக்கும். போன் தொலைந்தால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வைத்த வசதி அது. 'இன்சுலின் போடுபவர். அவசரத்துக்கு:' என்று தொடங்கி ஓர் எண்ணை அங்கே எழுதிவிடலாம். எந்தப் பட்டனைத் தேடவும் வேண்டாம், திரை ஒளிர்ந்ததும் கண்ணில் படும். அதனால் தனி வசதி உள்ள போன்களிலும் இந்த வரியைச் சேர்த்து எழுதுவதை நான் பரிந்துரைப்பேன். அதுவும் இல்லையென்றால், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் படமெடுத்து, பூட்டிய திரையின் பின்னணிப் படமாக வையுங்கள்.

மருத்துவப் பகுதியில் என்னென்ன எழுத வேண்டும்?

பலர் இங்கே தங்கள் மருத்துவ வரலாறு முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். சிறு வயதில் வந்த மஞ்சள் காமாலை, கண்ணாடியின் பவர், வைட்டமின் மாத்திரை எல்லாம் வந்துவிடும். நடுவில் எங்கோ 'வார்ஃபரின்' என்ற ஒரு சொல் புதைந்து கிடக்கும். தலையில் அடிபட்டு வந்த நோயாளிக்கு அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு மண்டைக்குள் கசிவு ஏற்படும் அபாயம் அதிகம். ஸ்கேன் எடுப்பதில் தாமதம் கூடாது. அந்த மருந்தின் வேலையை முறிக்கும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது தெரிந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் மருத்துவர் செய்வது மாறுமா? மாறும் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் அதற்கு இடம் வேறு.

அப்படி மாற்றக்கூடியவை சில. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் முதலிடம். அடுத்து இன்சுலின், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள்: ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கியவர் வியர்த்து, நாக் குழறி, தள்ளாடுவதைப் பார்த்துக் குடிபோதை என்று ஒதுக்கிவிடக்கூடும். வலிப்பு நோய். இதயத்தில் பேஸ்மேக்கர், ஸ்டென்ட் போன்றவை. பேஸ்மேக்கர் இருப்பது தெரியாமல் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதையும் எழுதியாக வேண்டும். பெரிய காயமோ அறுவை சிகிச்சையோ வரும்போது அவர்களது உடலால் வேண்டிய அளவு ஸ்டீராய்டைத் தானே சுரக்க முடியாமல் போகலாம். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய். சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை அறுவை சிகிச்சையால் இணைத்த இடம்) வைத்திருப்பவர் 'இடது கையில் ஊசியோ ரத்த அழுத்தப் பட்டையோ வேண்டாம்' என்று எந்தக் கை என்பதோடு எழுத வேண்டும். கர்ப்பிணி என்றால், பிரசவத்துக்குக் குறித்த தேதி.

கூச்சத்தால் பலர் விட்டுவிடும் ஒன்றும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகள், நெஞ்சு வலிக்குக் கொடுக்கப்படும் நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். போனில் எழுத மனம் வராவிட்டால், உங்களுக்காக மருத்துவரிடம் பேசப்போகும் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

எழுதும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'சுகர், ஹார்ட் பிரச்சினை, மாத்திரை சாப்பிடுகிறார்' என்பதால் யாருக்கும் பயனில்லை. அதே மனிதருக்கு இப்படி எழுதலாம்:

'இன்சுலின்: காலை, இரவு. குளோபிடோகிரெல் 75 மி.கி., ஆஸ்பிரின் 75 மி.கி. தினமும். இதய ஸ்டென்ட், 2021. பென்சிலின் ஒவ்வாமை: மூச்சுத் திணறல்.'

நான்கே செய்திகள். மருந்துகளின் பெயரைக் கவனியுங்கள்: அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வணிகப் பெயர் அல்ல, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப்பெயர் எங்கிருக்கும் மருத்துவருக்கும் புரியும்.

ஒவ்வாமையை எப்படி எழுதுவது? எனக்குச் சில மாத்திரைகள் 'ஒத்துக்கொள்ளாது'.

ஒத்துக்கொள்ளாததெல்லாம் ஒவ்வாமை அல்ல. ஒரு மாத்திரையால் வயிறு எரிந்தால் அது பெரும்பாலும் பக்கவிளைவு. முகம் வீங்குவது, உடலெங்கும் தடிப்பது, மூச்சு அடைப்பது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். பென்சிலின் என்று மட்டும் எழுதாமல் அப்போது என்ன நடந்தது என்பதையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள். லேசான வயிற்றுக் கோளாறை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் மருந்தையே மருத்துவர் தவிர்க்க நேரிடும். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து எழுதுங்கள். மருந்து மட்டுமல்ல; குளவிக் கொட்டு, வேர்க்கடலை, கையுறைகளில் இருக்கும் லேடெக்ஸ் ஆகியவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் அவையும் இங்கே வர வேண்டும்.

ரத்த வகைதானே மிக முக்கியம்?

இல்லை. போனில் எழுதியிருப்பதை நம்பி எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றக் கூடாது. உங்கள் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்துப் பொருத்தம் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். அதற்கும் நேரமில்லாத நிலையில் ஓ வகை ரத்தம் கொடுப்பார்கள். நிச்சயமாகத் தெரிந்தால் எழுதுங்கள். ஊகமாக எழுத வேண்டாம்.

தமிழில் எழுதலாமா?

நீங்கள் வாழும் இடத்தில் மருத்துவப் பணியாளர்கள் எந்த மொழியில் படிப்பார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். பல இடங்களில் அது ஆங்கிலமாக இருக்கும். மருந்து, நோய்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதே எங்கும் பாதுகாப்பு. தமிழ் மட்டுமே பேசும் பெரியவரின் போன் என்றால் 'தமிழ் மட்டும் பேசுவார்' என்பதையும் குறிப்பிடுங்கள். விழித்த பிறகு அவரோடு பேச ஆள் தேட வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

தொடர்பு எண்களின் பெயருக்கும் இதுவே பொருந்தும். 'அம்மு' என்றோ 'பெரியவள்' என்றோ சேமித்திருந்தால் அது மனைவியா, மகளா, தோழியா என்று வெளியாளுக்குத் தெரியாது. உறவுமுறையை எழுதுவதற்கென்று இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள்.

யாரை அவசரத் தொடர்பாக வைப்பது?

மனைவி, கணவர் என்று யோசிக்காமல் எழுதிவிடுவோம். ஒரே வண்டியில் இருவரும் போகும்போது விபத்து நேர்ந்தால்? குறைந்தது இருவரைக் குறியுங்கள். ஒருவராவது உங்களோடு பயணம் செய்யாதவராக, வேறு வீட்டில் வசிப்பவராக இருக்கட்டும்.

பாசம் மட்டும் போதாது. அழைப்பை எடுக்கும் பழக்கம் உள்ளவர், பதற்றத்திலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர், உங்கள் மருந்துகள் தெரிந்தவர் வேண்டும். வயதான தாய்க்குத் தகவல் போகத்தான் வேண்டும். ஆனால் அந்நியர் ஒருவர் மூலம் அவருக்கு முதலில் தெரியவருவது சரியா என்று யோசியுங்கள். எண்களை நாட்டுக் குறியீட்டோடு சேமிப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும்போது அது இல்லாமல் அழைப்பு போகாமலிருக்கலாம்.

அவர்களிடம் முன்பே சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு அவர்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும். விளம்பர அழைப்பு என்று நினைத்துத் துண்டிப்பவர்கள்தான் இன்று அதிகம். தெரியாத எண் இரண்டாவது முறையும் அழைத்தால் எடுக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் போனை ஒலிக்காதபடி வைக்கும் வழக்கமும் பலருக்கு உண்டு. அவர்களது ஐபோனில், தொடர்புப் பட்டியலில் உள்ள உங்கள் பெயருக்கான ரிங்டோன் பகுதியில் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்பதை இயக்கினால், உங்கள் எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் எந்த நேரமும் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் உங்களை நட்சத்திரக் குறியிட்ட தொடர்பாக்கி, 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் அத்தகையவர்களின் அழைப்புக்கு விலக்கு தர வேண்டும். இதைச் செய்ய வேண்டியது அவர்களது போனில் என்பதுதான் பலருக்கும் தோன்றாத விஷயம்.

பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தும் வசதி எதற்கு?

நீங்கள் நினைவோடு இருந்து, ஆனால் போனைத் திறந்து எண்ணைத் தேடும் நிலையில் இல்லாதபோது உதவுவது அது. பெரும்பாலான புதிய ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கலாம். ஐந்து முறை அழுத்துவதையும் செட்டிங்ஸில் தேர்ந்துகொள்ளலாம். ஐபோனில் அழைப்பு முடிந்ததும், நீங்கள் ரத்து செய்யாவிட்டால், உங்கள் அவசரத் தொடர்புகளுக்கு நீங்கள் இருக்கும் இடம் செய்தியாகப் போகும். அப்படி ஒரு செய்தி வரக்கூடும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் மோசடிச் செய்தி என்று அழித்துவிடுவார்கள்.

தவறுதலாக அழைப்பு போய்விட்டால்?

துண்டித்துவிடாதீர்கள். 'தவறுதலாக வந்துவிட்டது, இங்கே ஆபத்து ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு வையுங்கள். பேசாமல் துண்டித்தால், உண்மையான ஆபத்தோ என்று அவசர உதவி மையத்தினர் திருப்பி அழைத்துக்கொண்டிருப்பார்கள். 2023இல் இந்த ஐந்து அழுத்த வசதியால் பேச்சற்ற அழைப்புகள் பெருகிவிட்டதாக பிரிட்டன் காவல்துறை பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. உங்கள் பையிலோ குழந்தையின் கையிலோ பட்டன் அடிக்கடி அழுந்துகிறது என்றால் ஐந்து அழுத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். மருத்துவ விவரங்கள் அதனால் பாதிக்கப்படாது.

யார் வேண்டுமானாலும் என் நோயைப் படித்துவிடலாம் என்றால் அது ஆபத்தில்லையா?

கவலை நியாயமானது. உங்கள் போன் கையில் கிடைக்கும் எவரும் அதைப் படிக்க முடியும். அடையாள எண், வீட்டு முகவரி, காப்பீட்டுக் கடவுச்சொல் எதுவும் அங்கே வேண்டாம். வெளியே தெரிந்தால் வேலையிலோ வீட்டிலோ சிக்கல் வரும் என்று நினைக்கும் நோய் இருந்தால், எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. நோயின் பெயரை விட்டு, கவனிக்க வேண்டிய மருந்தை மட்டும் எழுதலாம். முழு விவரத்தையும் அவசரத் தொடர்பாக இருப்பவரிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் கடுமையான ஒவ்வாமையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தையும் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றைப் படிக்கும் அந்நியரால் உங்களுக்கு வரக்கூடிய தீங்கு மிகச் சிறியது.

பெற்றோரின் போனில் நானே நிரப்பிவிடலாமா?

அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாத்திரைப் பெட்டியை மேசையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையாகப் பார்த்து நிரப்புங்கள். நினைவிலிருந்து எழுதினால் தவறு வரும். நிறுத்திய மருந்தும் பட்டியலில் ஏறிவிடும். காது கேளாமை, மறதி நோய் இருந்தால் தவறாமல் எழுதுங்கள். பதில் சொல்லாத முதியவரைப் பார்த்து மூளையில் அடிபட்டதோ என்று மருத்துவர் குழம்பாமல் இருக்க அது உதவும்.

சிலர் போனுக்குப் பூட்டே போட்டிருக்க மாட்டார்கள். அப்போது பூட்டிய திரையின் 'எமர்ஜென்சி' வழி கிடைக்காமல் போகலாம். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்துச் சற்றுநேரம் பிடித்தால் இழுத்துத் திறக்கும் 'மெடிக்கல் ஐடி' பட்டை தோன்றும். தோன்றியதும் விரலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பே போய்விடும்.

எழுதியது சரியாகத் தெரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

போனைப் பூட்டி, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, 'என் மருந்து என்ன என்று கண்டுபிடி' என்று சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். திரையில் விரிசல் விழுந்திருந்து அந்த ஓரத்தைத் தொட முடியவில்லை, எழுத்து மிகச் சிறியது, காட்டும் விசையே அணைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும்.

மயங்கிக் கிடக்கும் ஒருவரைப் பார்த்தால் முதலில் அவரது போனை எடுக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருக்கிறதா, ரத்தம் பெருகுகிறதா என்று பாருங்கள். அழைப்பை எடுப்பவர் சொல்வதைச் செய்யுங்கள். வேறொருவர் பக்கத்தில் இருந்தால் போனைப் பார்க்க அவரிடம் விடுங்கள். கிடைத்த விவரத்தை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் சொல்லி, போனையும் நோயாளியோடு அனுப்பிவிட வேண்டும். உறவினரை அழைத்தால் எந்த இடம், எந்த மருத்துவமனை என்பதை முதலில் சொல்லுங்கள்.

போன் உடைந்துவிட்டால், சார்ஜ் இல்லாவிட்டால்?

எதுவும் தெரியாது. அதனால்தான் பணப்பையில் ஒரு சிறு அட்டையும் இருக்க வேண்டும்: அதே நான்கு வரிகள், அதே இரண்டு எண்கள், எழுதிய தேதி. கடுமையான ஒவ்வாமையோ வலிப்போ இன்சுலின் தேவையோ உள்ளவர்கள் மருத்துவக் கைச்சங்கிலி அணிவது இன்னும் நல்லது. மணிக்கட்டில் நாடி பார்க்க வருபவரின் கண்ணில் அது உடனே படும். இத்தகைய கைச்சங்கிலிகளை வழங்கும் மெடிக்அலர்ட் என்ற அமைப்பு 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியதே, ஒரு மருத்துவரின் மகள் டெட்டனஸ் மருந்தின் ஒவ்வாமையால் உயிருக்குப் போராடியதை அடுத்துத்தான்.

எப்போதெல்லாம் திருத்த வேண்டும்?

மருந்து மாறிய அன்றே. நிறுத்திவிட்ட மருந்து பட்டியலில் இருப்பதும், புதிய மருந்து இல்லாமலிருப்பதும் ஒரே அளவு ஆபத்து. தொடர்பில் உள்ளவரின் எண் மாறினாலும், புதிய போன் வாங்கினாலும் உடனே பாருங்கள். பழைய போனிலிருந்து எல்லாம் வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரிய மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகும், போனைப் பூட்டி 'எமர்ஜென்சி'யை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.